மாயவன் போட்ட மணல் பலகை

எங்கள் மாயவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தியாகதுருகம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தளத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் இருபது வருட அனுபவம். வாழைப்பழத் தோலைக் கண்டால் மட்டும் தெருவையே மாற்றிப் போவான். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு மழைநாளில் ஈரப் பலகை வழுக்கி மாடியிலிருந்து விழுந்து, ஆறு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தான். இன்றைக்கும் இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

எழுந்து நடமாடியதும் முதல் வேலையாக, மிச்சப்பட்ட பெயிண்டை ஆள் ஏறும் சாய்வுப் பலகைகளில் பூசினான். ஈரம் காய்வதற்குள் சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அந்தப் பலகைகளும் கூடவே வரும். "இன்னாய்யா, சீர்வரிசையா?" என்று கொத்தனாராகிய நான் கேட்பேன். அவனுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு எரிச்சல்.

என்னைவிட மோசம் அவன் பெண்டாட்டி செவ்வந்தி. எங்களிடமே சித்தாள், தலையில் கலவைச் சட்டியோடு வெறுங்காலில் அந்தப் பலகையில் ஏறுகிறவள். "மெத்தை போட்டு வச்சிருக்காரு பாரு மகராசன், காலெல்லாம் கொப்புளம்!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருடம், ராணியம்மாள் வீட்டுக்குத் தளம் போடும் நாள். காலையில் பூஜை முடிந்து ஏழரைக்குள் முதல் சட்டி மேலே போயாக வேண்டும். போய்ப் பார்த்தால், அட கடவுளே! முதல் சட்டி ஏறும் வழி மங்களகரமாக இருக்கட்டும் என்று அந்த அம்மாள் சாய்வுப் பலகை முழுக்கச் சாணி மெழுகிக் கோலமும் போட்டு வைத்திருந்தார். மணல் இருந்த இடமே தெரியவில்லை.

"செவ்வந்தி இதுல ஏறக் கூடாது" என்றான் மாயவன்.

"நல்ல நேரம் போய்க்கினு இருக்குதுப்பா. வாசல்ல மெழுகுனா யாராச்சும் வழுக்கி வுழறாங்களா?" என்றார் ராணியம்மாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "இந்தாளு எப்பவும் இப்படித்தாம்மா. நான் ஏறிக் காட்றேன் பாருங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். நாலாவது எட்டில் கால் பறந்தது. உட்கார்ந்தபடியே சறுக்கி ராணியம்மாள் காலடிக்கு வந்து சேர்ந்தேன். பின்பக்கம் முழுக்கச் சாணி. ஒருத்தராவது கை கொடுக்க வேண்டுமே! சிரிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

அப்புறமும் ராணியம்மாள், "நீ பாத்து ஏறிடும்மா, கொஞ்ச நேரந்தான் இருக்குது" என்றார். செவ்வந்தி தலையிலிருந்த சட்டியைக் கீழே இறக்கினாள்.

"மன்னிச்சிக்குங்கம்மா. ஆறு மாசம் இந்தாளைத் தூக்கி உக்கார வச்சவ நானு. இவரு போட்ட மணலு கண்ணுல தெரியற வரைக்கும் கால வைக்க மாட்டேன்."

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து மாயவன் கேட்ட முதல் நல்ல வார்த்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தென்னந் துடைப்பத்தால் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ராணியம்மாளும் தண்ணீர் ஊற்றினார்.

ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், ஈரம் சொட்டும் பலகையில் செவ்வந்தி ஏறினாள். ஒரு எட்டுகூடத் தடுமாறவில்லை. மேலே போனதும் கத்தினாள்: "யோவ், கால் கடிக்குதுய்யா! மணலை இன்னொரு தபா சலிச்சா இன்னா?"

அடுத்த கட்டடத்தில் மாயவன் மணலை இரண்டாம் தடவை சலித்தபோது, சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவன் நான்தான்.