தோர்கில்ஸின் ஈஸ்ட்

நார்வேயில் எங்கள் வோஸ் பள்ளத்தாக்கில் தோர்கில்ஸைப் போல ஒரு முரடன் கிடையாது. வேலித் தகராறில் பக்கத்துப் பண்ணைக்காரன் சூரின் மூக்கையே உடைத்தவன். கிறிஸ்துமஸ் பீருக்காக, முளைகட்டிய பார்லியின் சாற்றில் கொஞ்சம் எடுத்து, வீட்டில் வைத்திருந்த ஈஸ்ட்டைப் போட்டுப் பார்த்தான். நுரை எழவில்லை, புளித்த நாற்றம் அடித்தது. ஜாடியைச் சுவரில் அடித்து நொறுக்கினான்.

“சுவத்துல அடிச்சா பொங்கிடுமா? போன வருஷம் நம்மகிட்ட வாங்கின ஈஸ்ட் சூர் வீட்டுல இருக்கும். போய்க் கேளுய்யா,” என்றாள் மனைவி ரன்வெய்.

ஈஸ்ட் கேட்டு வந்தவனை எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. சூரும் அனுப்பவில்லை. கதவைத் திறந்ததும் தாடையில் ஒரு குத்து விட்டான். தோர்கில்ஸ் பனியில் விழுந்து பல்லைத் துப்பினான். அப்புறம்தான் ஜாடி வந்தது.

“இந்தாடா. கொஞ்சமா ஊத்தி நுரைக்குதான்னு பாரு. அவசரப்பட்டு எல்லாத்தையும் கொட்டிடாத, மடையா!”

வீட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தபோது நுரை பொங்கி வழிந்தது. ஈஸ்ட்டை அண்டாவில் ஊற்றும்போது அடித்தொண்டையில் கத்த வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்போதுதான் பீர் மூர்க்கமாக வரும். தாடை வீங்கிய தோர்கில்ஸால் வாயைத் திறக்க முடியவில்லை. ரன்வெய் அவனைத் தள்ளிவிட்டு, இத்தனை வருடம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

கிறிஸ்துமஸ் அன்று குடிக்க வந்த சூர் இரண்டாவது குவளையிலேயே சாய்ந்தான். தோர்கில்ஸ் அதற்கு முன்பே விழுந்திருந்தான். ரன்வெய் மூன்றாவதை ஊற்றிக்கொண்டாள்.