காய்ந்த சுவரில் பல்தெல்லோவின் மூஞ்சி

மோந்தெருபோ மலையூர் மாதா கோயிலுக்கு இருபது வருஷம் சுவர் பூசியவர் வெந்தூரா. சுண்ணாம்பு பூசுகிற மனிதருக்குப் பெரிய மனிதர்களைக் கண்டால் ஏன் இத்தனை இளக்காரம் என்று கேட்பவர்கள், கம்பளி வியாபாரி பல்தெல்லோவைப் பார்த்ததில்லை.

சுவரில் மாதாவின் காலடியில் தன் முகம் இருக்க வேண்டும் என்று ஓவியத்தின் செலவை ஏற்ற புண்ணியவான் அவர். ஈரப் பூச்சில்தான் சாயம் பிடிக்கும். அன்றன்றைக்கு வரையும் அளவுக்கே வெந்தூரா காலையில் பூசுவார். பல்தெல்லோவின் முகத்துக்குப் பூசிய அன்று, பார்த்து வரைய முகம் காட்ட வேண்டிய மகாராஜா வரவில்லை. விருந்தாம். பூச்சு இறுகத் தொடங்கியது. ஓவியர் மெயோ பொறுத்துப் பார்த்தார். பிறகு, கொள்ளைநோயில் போன வெந்தூராவின் மகள் நேஸாவை, அதே ஒன்பது வயதுச் சிரிப்போடு, அங்கே சிறகு வைத்த சம்மனசாக வரைந்துவிட்டார். வெந்தூரா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

மறுநாள் பல்தெல்லோ வந்தார்.

“யாருய்யா இது?”

“நம்ம வெந்தூரா பொண்ணுங்க. செத்துப்போச்சு,” என்றார் மெயோ.

“சுண்ணாம்புக்காரன் பொண்ணுக்கு என் இடமா? கொத்தி எடு.”

வெந்தூரா சுவருக்குக் குறுக்கே வந்து நின்றார். “நாளைக்கு நீங்க கூப்பிட்ட ஆயர் சுவரை மந்திரிச்சுப் புனிதமாக்க வர்றாரு ஐயா. கொத்துனா தூசி அடங்கவே ரெண்டு நாளாகும்.”

“அப்ப அது மேலயே என்னை வரையச் சொல்லு.”

“காஞ்ச பூச்சுல சாயம்...”

“நீ சுண்ணாம்பு குழைக்கிறவன். வாயை மூடு.”

மூடிக்கொண்டார். மெயோ காய்ந்த பூச்சில் ஒட்டுவதற்காக முட்டையில் சாயம் குழைத்து, இரட்டை மோவாயை ஒற்றையாக்கி, நேஸாவின் மேல் பல்தெல்லோவை வரைந்தார். ஆயர் வந்து மந்திரித்தார்.

நாலாவது குளிர்காலம், பூசை நடுவே, சுவரிலிருந்து பல்தெல்லோவின் மூக்கு உதிர்ந்து பல்தெல்லோவின் மடியிலேயே விழுந்தது. வசந்தத்தில் வரும் பாஸ்காத் திருநாளுக்குள் மூஞ்சி மொத்தமும் போயிற்று. அடியில் நேஸா சிரித்தாள்.

“இப்படி ஆகும்னு அன்னைக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று வியாபாரி குதித்தார்.

“வாயை மூடச் சொன்னீங்களே ஐயா.”

“கொத்துடா அதை.”

“ஆயர் மந்திரிச்ச சுவரு. உளி படக்கூடாது. அவரை நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க.”

பல்தெல்லோ அதன்பின் கீழ்த்தெருக் கோயிலுக்குப் போனார். தொலையட்டும். வெந்தூரா மட்டும் சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சுவரருகே நின்றார். தனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, மகளுக்கு ஒன்பது தாண்டவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.