இடுப்பு வலி என்று எழுதிய தாள்

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. துபாய் அல் குசைஸில் கிளீனிங் கம்பெனி அலுவலகத்தில் குமுதினி மறுநாளைய டியூட்டிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். வடிவின் பெயருக்கு நேரே ‘சுகவீனம்’ என்று அடித்து விரல் எடுக்கவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரத்தத்தில் கிருமி ஏறி வடிவு போய்விட்டாள்.

அறந்தாங்கிக்காரி. மூன்று பிள்ளை பெற்ற உடம்போடு பதினொரு வருஷம் பள்ளிக்கூட மாடிகளுக்கு வாளி சுமந்தாள். கர்ப்பப்பை இறங்கி வெளியே தட்டியது. துணியை மடித்துக் கட்டிக்கொண்டு படி ஏறினாள். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: ஆபரேஷன் செய்து தூக்கித் தைக்க வேண்டும், ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. தேதியும் கிடைத்தது.

லீவு ஃபாரம் எழுதியது குமுதினிதான்.

“உள்ளதைச் சொன்னா அந்த மேனேஜரு டிரைவருங்ககிட்டச் சொல்லிச் சிரிப்பான் புள்ள. இடுப்பு வலின்னு போடு.”

“அப்பிடிப் போட்டால் லீவு தரமாட்டினம் அக்கா.”

“போடுங்குறேன்ல.”

போட்டாள். மேலாளர் பாலகுரு அதற்கும் சிரித்தார். “இடுப்பு வலிக்கு ஆறு வாரமா? எனக்குந்தான் வலிக்குது. தைலம் தேய்க்கச் சொல்லு, கலாஸ், முடிஞ்சுது.” இரண்டு ஃபாரம், இரண்டு தேதி, இரண்டும் வீண். பிறகு குமுதினி அவரிடம் தனியே உண்மையைச் சொன்னாள். “சீ, இதையெல்லாமா ஆம்பளைகிட்டப் பேசுவாங்க?” என்றார். சரியான காரணம் எழுதி மூன்றாவது ஃபாரம் வைத்தாள். அவர் தொடவே இல்லை.

வடிவு ஒரு கிளினிக்குக்குப் போனாள். சொந்த ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுழற்றி ஊசியாகப் போட்டால் தசை தானே வளரும், மறுநாளே டியூட்டிக்குப் போகலாம் என்றார்கள். அவளுக்குக் காதில் விழுந்தது மறுநாளே டியூட்டி என்பது மட்டும்தான். ஊசி போட்டுக்கொண்டாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி.

செய்தி வந்த அன்று மதியம் பாலகுரு வந்தார். “ரிப்போர்ட்டைச் சுருக்கமா எழுதும்மா. இயற்கை மரணம். ஏற்கெனவே இடுப்பு வலி. கம்ப்ளெயின்ட் மாஃபி, ஒண்ணும் இல்லை.”

“சரி சார்.”

அந்தச் ‘சரி’யை அவர் நம்பினார்.

மறுநாள் விசா வேலை பார்க்கும் யஹ்யாவும் நாலு டிரைவர்களும் இருக்கும்போது குமுதினி ரிப்போர்ட் தாளை நீட்டினாள்.

“கையெழுத்துப் போட முதல் சத்தமா வாசியுங்கோ சார்.”

பாலகுரு இரண்டாம் வரியில் திக்கினார். “கர்ப்ப...”

“முழுசாச் சொல்லுங்கோ. அவா அதோட மாடி ஏறினவா. நீங்கள் ஒருக்கா வாயால சொல்ல ஏலாதோ?”

எந்த டிரைவரும் சிரிக்கவில்லை. யஹ்யா தரையைப் பார்த்தார்.

“வேலை போயிடும், தெரியும்ல?” என்றார் பாலகுரு.

“போகட்டும். இதைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு விடியவே அனுப்பிட்டன். இடுப்பு வலி எண்டு எழுதின கை என்ர. அதையும் அதில எழுதியிருக்கிறன்.”

அவர் வியர்த்ததை அவள் ஆற அமரப் பார்த்தாள். மனசு ஆறவில்லை.

மூன்றாவது ஃபாரம் இன்னும் பாலகுருவின் மேசைத் தட்டில்தான் இருக்கிறது. ‘அனுமதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்து இல்லை.