மரியபுஷ்பத்தின் நூலக அட்டை

பள்ளி நூலகர்களுக்கான பயிற்சியில், புத்தக அலமாரியில் போட ஆளுக்கொரு பொட்டலம் பாச்சா உருண்டை கொடுத்தார்கள். அந்த வாடை என்னைப் பந்தல்குடி ஆறாம் வகுப்புக்கு இழுத்துப் போனது.

அங்கே புதிதாக வந்த நூலக டீச்சரும் இப்படியொரு பயிற்சி முடித்தவர்தான். புத்தகம் திருப்பித் தராதவர்களின் அட்டைகளை எடுத்துப் பெயர் வாசிப்பார். முதல் நாளே "மரியபுஷ்பம்" என்றார். எங்களோடு படித்த அவள் காய்ச்சலில் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது டீச்சருக்குத் தெரியாது.

கடைசி வரிசையிலிருந்து அவள் குரல் கேட்டது. "திங்கக்கிழம கொண்டாரேன் டீச்சர்."

"சரிம்மா" என்று டீச்சர் நிமிராமலே அட்டையில் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை புத்தகம் மேசையில் இருந்தது. படுக்கையில் கிடந்தபோது, திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவள் என்னிடம் தந்த புத்தகம்.

நானும் இன்று நூலகர். அட்டை பார்த்துப் பெயர் வாசிப்பதில்லை. அன்று புத்தகத்தை வைத்தது நான். பதில் சொன்னது நான் இல்லை.