அவர் ஓட்டினார், நான் சாப்பிட்டேன்

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்று என்று சொன்ன அன்றைக்கே, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நம் காரில்தான் போவேன், நானேதான் ஓட்டுவேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கச்சிராயபாளையத்தில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த பழைய அம்பாசடர் அது. பெண்டாட்டியைக் கூட ஒரு நாள் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார், காரை இன்னொருத்தன் கையில் கொடுக்க மாட்டார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. ஆரம்பித்துவிட்டால் நடுவில் ஒரு தடவைகூட விடக்கூடாது, விடாமல் வந்தால் சோறு இறங்கும், விட்டால் அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் அதை சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டேன். வேறு எதைப் பிடிப்பது?

அவருக்கு வடிகட்டிய கஞ்சிதான் இறங்கும், அதுவும் மடக்கு மடக்காக. ஆனால் அவர் ஊர்களை மைல்கல்லை வைத்து அறிந்தவர் இல்லை, சாப்பாட்டை வைத்து அறிந்தவர். கள்ளக்குறிச்சி என்றால் பரோட்டா, தியாகதுருகம் என்றால் மசால்வடை, உளுந்தூர்பேட்டை என்றால் மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலை. முதல் நாள் போகும்போதே தியாகதுருகத்தில் வண்டியை ஓரம் கட்டினார். எண்ணெய் ஊறிய பேப்பரில் இரண்டு வடையை வாங்கி வந்து என் மடியில் வைத்தார்.

"சாப்புடு."

"நோயாளிய எதிர்ல வெச்சிக்கினு நான் மெல்லவா? எனக்கு வாணாம்."

"சாப்ட்டு எப்டி இருக்குதுன்னு சொல்லு. நான் கேட்டுக்கினு ஓட்டுறேன்."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வாயில் போட்டு, "நல்லாருக்குது" என்றேன். அவர் முறைத்தார்.

"நல்லாருக்குதுன்னா? மாட்டக் கேட்டாக்கூட இத்தினி சொல்லும். முறுகலா இருக்குதா? சோம்பு தெரியுதா? உள்ள வெந்துகீதா?"

அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் வந்தது. அவருடைய வாய் வேலை செய்யவில்லை, அதனால் என் வாயை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். மலையிலிருந்து சந்தைக்கு இறக்கிய பலாச்சுளையை முதலில் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன நீள ரொட்டி ஒன்றை வாங்கித் தந்தார். விறகைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றேன். அன்று உளுந்தூர்பேட்டை வரும்வரை சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவருக்கு ஆசை கிளம்பக்கூடாதே என்று நடுவில் சில நாள் எல்லாவற்றையும் மட்டம் தட்டிப் பார்த்தேன். வடையில் உப்பு கம்மி என்றேன்.

"அந்த ஆளு ஜென்மத்துல உப்பு கம்மியா போட்டதில்ல. எங்கிட்டயே கத வுடுறியா? நீ தின்னதாவது எனக்கு நெசமா இருக்கட்டும்."

அதற்கப்புறம் நான் பொய் சொல்லவில்லை.

பாட்டும் இதே கதைதான். திருவிழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து கூத்தை டேப்பில் பிடித்து வைத்திருந்தார். கேசட் முழுக்க மத்தளமும் முகவீணையும் நாய்க் குரைப்பும் இருக்கும். கட்டியங்காரன் பேசினால் இவரும் கூடவே பேசுவார். பின்பாட்டு வரும் இடத்தில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு உச்சத்தில் எடுப்பார். இப்போது குரல் காற்றாகத்தான் வந்தது. "பின்பாட்டு நீ பாடு" என்றார். என் குரல் எப்படி என்று எங்கள் வீட்டு எருமைக்குத் தெரியும். ஆனாலும் பாடினேன். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். சாகக் கிடக்கிறவரோடு கூத்துப் பாடிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். சொல்லப்போனால், கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக ஊர் சுற்றியது அப்போதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பாதிக்கு மேல் கரண்ட் வைத்து முடிந்திருந்தது. கஞ்சி கொஞ்சம் சுலபமாக இறங்குவதாகச் சொன்னார். அந்த நேரத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மறிக்கப் போகிறவர்கள் எங்கள் ஜனங்கள்தான். எங்கள் பையன் மார்க் வாங்கியும் காலேஜில் இடம் கிடைக்காமல் அரவை மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ரோட்டில் மரத்தைப் போட்டால்தான் மெட்ராசுக்குக் காது கேட்கும் என்று இவரே ஊரெல்லாம் பேசியவர். முந்தின நாளே போய் ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கொள்ளலாம் என்று நான் கெஞ்சினேன்.

"நம்ம பசங்கதான் நிக்கிறானுங்க. நம்மள வுடாம யார வுடுவானுங்க?" என்றார்.

தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. வெட்டின இடம் ஈரம் காயவில்லை. பக்கத்தில் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கல் அடுப்பு மூட்டி அண்டாவில் சாம்பார் சோறு கிண்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்திலிருந்து துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தவன் களமருதூரில் கட்டிக்கொடுத்த இவருடைய அக்காவின் மகன்.

"இன்னா மாமா, இன்னிக்கிப் போயி வண்டி எடுத்தாந்துகீறீங்க?"

இவர் நோயை அக்கா வீட்டுக்குக்கூட சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கிக் கத்திவிட்டேன்.

"உங்க மாமாவுக்குத் தொண்டையில புத்துடா! இன்னிக்கிக் கரண்ட் வெக்கலேன்னா செத்துப்பூடுவாருடா!"

அந்தப் பையன் முகம் செத்துவிட்டது. அடுத்த நிமிடம் அரிவாளும் கயிறுமாக இருபது பேர் மரத்தில் விழுந்தார்கள். கிளைகளை வெட்டினார்கள். தோள் கொடுத்து நெட்டினார்கள். ஒரு கார் நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. நான் சாமியை எல்லாம் கும்பிட்டேன். அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தர் எங்களைப் பார்த்து நின்றார்.

"இத்தத் தள்ளி இன்னா ஆவப்போவுது? உளுந்தூர்பேட்ட வரிக்கும் மரம் மரமா சாச்சி வெச்சிகீறாங்க. அதுக்கு அந்தாண்டயும் அப்டித்தானாம்."

விட மனசு இருந்தது, வழிதான் இல்லை. மருமகன் வெட்டின மரத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். இவர் இறங்கிப் போய் அவன் முதுகைத் தட்டினார்.

"அழுவாத. நீங்க கேக்கறது நாயம்தான்" என்றார். அந்தக் காற்றுக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

யாரோ மந்தார இலையில் சாம்பார் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் அதை வாங்கி என் கையில் கொடுத்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணீரும் மூக்குமாக நான் சாப்பிட்டேன். புளிப்பு ஜாஸ்தி, பருப்பு வேகவில்லை என்றேன்.

"அவசரத்துல ஆக்கிட்டானுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க ரோடு திறக்கவில்லை. எங்கேயோ போலீஸ்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்றும் பேச்சு வந்தது. நான் ரேடியோவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்ற காரில் போய் உட்கார்ந்து கூத்துக் கேசட்டைப் போட்டுக்கொள்வார். மூன்றாம் நாள் கஞ்சி திரும்பவும் தடுத்தது. வாரக் கடைசியில் தண்ணீர் மூக்கால் வந்தது.

ரோடு திறந்ததும் கிளம்பினோம். வெட்டிப்போட்ட மரங்கள் இரண்டு பக்கமும் கிடந்தன. தியாகதுருகத்தில் நிறுத்தவில்லை, உளுந்தூர்பேட்டையில் நிறுத்தவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டினால் நன்றாக இருக்குமே என்று இருந்தது. அவரைக் காருக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார்.

நான் வந்து காரில் உட்கார்ந்தேன்.

"இன்னா சொன்னாரு?"

"உங்களுக்குப் புடிச்சதெல்லாம் சாப்புடக் குடுக்கச் சொன்னாரு."

சாவியைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது. அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எத்தனையோ பேரை அவர் காரில் ஏற்றி வந்திருக்கிறார். யாரிடம் அப்படிச் சொல்லி அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"இப்டி சொல்லி அனுப்புறவங்கள ஊருக்கு இட்டுக்கினு போறது என் வேலதான?" என்றார். வண்டியை எடுத்தார்.