சுவருக்குள் மிச்சமிருந்த இடம்

வர்ஜீனியாவில் தாக்ஸ்டன் குடும்பத்தின் புகையிலைத் தோட்டம் எப்போதோ கைவிட்டுப் போயாயிற்று. மிச்சமிருந்தவை ஒழுகுகிற பெரிய வீடு, அதன் பின்னால் கற்சுவர் கட்டிய குடும்பக் கல்லறை, அப்புறம் லவீனியா. கூரை ஒழுகினால் வாளியை வைத்துவிட்டுப் போவாள். கல்லறைச் சுவரில் ஒரு கல் சரிந்தால் ஊரையே இரண்டாக்கிவிடுவாள்.

சுவருக்குள் ஒரே ஓர் இடம்தான் பாக்கி, அம்மாவுக்குப் பக்கத்தில். அதற்காக அவளுக்கும் தம்பி மெரிட்டுக்கும் காலங்காலமாகச் சண்டை. மே மாதம் கல்லறையில் புல் வெட்டும் நாளில் உறவுக்காரர்கள் சுவர்மேல் உட்கார்ந்து வறுத்த கோழி தின்பார்கள். லவீனியா அந்த இடத்தில் காலைக் கிழக்கே நீட்டிப் படுத்துக் காட்டுவாள். உயிர்த்தெழும் நாளில் சூரியனைப் பார்த்து எழ வேண்டுமே!

"எழுந்திரு அக்கா. சாகறதுக்கே அவசரமா?" என்பான் மெரிட்.

"உனக்கு எதுக்குடா இது? அம்மா இருந்தப்ப அவ பக்கத்துல உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிருப்பியா?"

இந்தக் குளிர்காலத்தில் மெரிட் சொல்லாமல் கொள்ளாமல் செத்து முந்திக்கொண்டான். சண்டையில்கூட நேர்மை கிடையாது அவனுக்கு. லவீனியா அழுது ஓய்ந்தபின், "அவனையே அம்மாகிட்ட விட்டுடு. பாவம், சின்னவன்" என்று எல்பர்ட்டிடம் சொன்னாள்.

எல்பர்ட் காஸ்பி பக்கத்துப் பண்ணைக்காரர்; குழி வெட்டுவதும் அவர்தான். அவருடைய முன்னோர் இதே தோட்டத்தில் அடிமைகளாக உழைத்து, சுவருக்கு வெளியே பேரில்லாத கற்களின் கீழ் புதைக்கப்பட்டவர்கள். அந்தப் பக்கத்தை அவருடைய சர்ச்தான் பார்த்துக்கொள்கிறது.

அடக்கம் முடிந்ததும் எல்பர்ட் மண்வெட்டியைத் துடைத்தார். "அப்ப நீங்க? டவுன் கல்லறைக்கா, மிஸ் லவீனியா?"

"அந்தக் கார் சத்தத்துல எவ தூங்குவா? சுவருக்கு வெளிய அந்தக் கேதுரு மரத்தடியில வெட்டிடு. நிலம் என்னுதுதானே."

"நிலம் உங்களுது. அங்க படுத்திருக்கறவங்க எங்களவங்க. கேக்க வேணாமா?"

"செத்தவங்கள எப்படிய்யா கேக்கறது?"

"ஞாயித்துக்கிழம எங்க சர்ச்சுக்கு வந்து கேளுங்க. அவங்க உயிரோட இருந்தப்ப உங்க வீட்டுல யாரும் அவங்கள ஒரு வார்த்தை கேட்டதில்ல."



ஞாயிற்றுக்கிழமை லவீனியா நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிரசங்கம் முடிந்து அவளைப் பேசச் சொன்னதும் எழுந்தாள்.

"உங்க பெரியவங்க பக்கத்துல எனக்குக் கொஞ்சம் இடம் குடுப்பீங்களா?"

"இந்தம்மா ரொம்பப் பேசுமே! அவங்க நிம்மதியாத் தூங்க வேணாமா?" என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி. சர்ச்சே சிரித்தது.

"யோசிச்சுச் சொல்றோம். உக்காருங்க" என்றார் எல்பர்ட்.

லவீனியா உட்கார்ந்தாள். ஒரு பதிலுக்காகக் காஸ்பிகளின் முன்னால் காத்திருந்த முதல் தாக்ஸ்டன் அவள்தான்.