இருபத்தொன்றாவது நாள்

அக்கா ஜெபிக்கும்போது அவள் கையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். பெங்களூரு பிரேசர் டவுன் வீட்டின் சமையலறையில் பீன்ஸ் நறுக்கியபடியே, "ஆண்டவரே, இன்னைக்கும் இவளப் பாத்துக்குங்க" என்பாள். அவ்வளவுதான். மகளுக்குப் பத்து வயதில் வலிப்பு தொடங்கியதிலிருந்து அதே ஒரு வரி. கணவரை இழந்தபின், பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து அந்த ஒரே பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தாள். தம்பியான எனக்கு அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு இவ்வளவு சின்ன ஜெபமா?

என் ஜெபம் வேறு மாதிரி. வேலை போய் எட்டு மாதம் வீட்டிலிருந்த நான், ஒருமுறை இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன். கடைசி நாள் மதியம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியிலிருந்து, வேலை கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது. அந்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து, ஆண்டவர் செய்ததை எல்லோருக்கும் சாட்சியாகச் சொன்னேன். பிறகு வேறு சபைகளிலும் கூப்பிட்டார்கள். சொல்லச் சொல்ல அந்தச் சாட்சியில் ஆண்டவர் சிறிதாகிக்கொண்டே போனார். இருபத்தொன்று என்ற எண் பெரிதாகிக்கொண்டே வந்தது. எதிரே அத்தனை பேர் "அல்லேலூயா" சொல்லும்போது அதைக் கவனிக்க யாருக்குத் தோன்றும்?

பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பி.யு.சி. இரண்டாம் வருடம் படிக்கும்போது, மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் அக்கா மகளுக்கு வகுப்பில் வலிப்பு வந்தது. சக மாணவர்கள் பார்த்துவிட்ட வெட்கத்தில் ஒரு வாரம் கல்லூரிக்கே போகவில்லை. நான் குடியிருந்த ஹெப்பகோடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, அவளுக்காக இருபத்தொரு நாள் உபவாசம் தொடங்கப் போவதாகச் சொன்னேன்.

"பண்ணு. ஆனா அவருக்கு நீ தேதி குறிக்காதடா" என்றாள் அக்கா.

"உனக்கு விசுவாசம் பத்தலக்கா."

அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கேட்டாள்: "நிஜமாவே சரியாயிடுமா மாமா?" சரியாகிவிட்டது என்றே நம்பு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முழுசா நம்புறவங்களுக்கு மாத்திரை எதுக்கு?" என்றும் சேர்த்துச் சொன்னேன். மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பல மாதங்கள் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இருபத்தொன்றாம் நாள் ஞாயிறு. சபைக்கு முன் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, சுகமாகிவிட்டாள் என்று அறிவித்தேன். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். புதன்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் விழுந்தாள். ஒன்று நின்றதும் அடுத்தது என்று வலிப்பு தொடர்ந்தது. நடைபாதை விளிம்பில் மோதி முன்பற்கள் இரண்டு போய்விட்டன. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அவளுடைய பென்சில் டப்பாவில் நாலு நாள் மாத்திரைகளை அக்கா கண்டெடுத்தாள்.

நினைவு திரும்பியதும் பல் போன வாயால் அவள் முதலில் சொன்னது, "மாமா சொல்லலம்மா, நானாத்தான் நிறுத்தினேன்." என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னாள். அதைக் கேட்டபடி அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அதே குரலில் பேசினாள்.

"பைபிள்ல, மலைக்குப் போனவர் இறங்கி வர லேட்டாச்சுன்னு பொன்னுல கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்டாங்களே, அவங்க கெட்டவங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். காத்திருக்க முடியல, அவ்ளோதான்டா. எனக்கும் எத்தனையோ நாள் முடியல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ உன் எண்ணிக்கையக் கும்பிட்ட. எம்பொண்ண அதுக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்தின."

அந்த வருடப் பரீட்சையை அக்கா மகள் எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதித் தேறி, இப்போது பி.காம். முடிக்கப்போகிறாள். மாத்திரை தொடர்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இருமுறை, வலிப்பும் வருகிறது. அக்காவின் ஒரு வரியும் மாறவில்லை. நான்தான் வாய்விட்டு ஜெபிப்பதையே விட்டுவிட்டேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் ஆபீஸ் வேலை என்று ஏதாவது சாக்குச் சொல்வேன்.

போன மாதம் போதகர் விடாமல் கேட்டபோது ஒத்துக்கொண்டேன். அக்காவிடமும் அவள் மகளிடமும் அனுமதி கேட்டு, இந்த முறை முழுவதையும் சொன்னேன்: போன் வந்ததையும் பஸ் ஸ்டாப்பையும், அக்கா பெஞ்சில் சொன்னதையும். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவ்வளவு நாளுக்குப் பிறகாவது ஒரு பொய்யை உடைத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஓர் இளம் தாய் வாசலில் காத்திருந்தாள். இரண்டு வயதிருக்கும் அந்தப் பிள்ளையின் கழுத்து இன்னும் நிற்கவில்லை.

"பிரதர், அப்ப இருபத்தொண்ணு பத்தாதா?" என்று கேட்டாள். "நாப்பது நாள் இருந்துடட்டுமா?"

பக்கத்தில் வந்த அக்கா, அவள் தோளிலிருந்து சரிந்த பையை வாங்கிக்கொண்டு, "பிள்ள பேரென்னம்மா? டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டிருக்கியா?" என்று கேட்டபடி அவளைப் படியில் உட்காரவைத்தாள். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.